மொட்டைத் தலையும் மூளை அலையும்

பழனியில் முருகனுக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைக் கண்ணை மூட வைத்தவர் எங்கள் 'கண்ணமூடு' அண்ணன்தான். நான் பயிற்சிக்குப் போன ஸ்கேன் சென்டரில் மூளை அலையைப் பதிவு செய்கிறவர். தலையில் ஒயர்களை ஒட்டிவிட்டு, நாள் முழுக்க "கண்ண மூடுங்க, தெறங்க" என்பதுதான் அவர் வேலை. ஒருமுறை பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட்டவரிடமும் பழக்க தோஷத்தில் "மூடுங்க" என்றாராம். அந்த ஆளும் மூடிவிட்டாராம்.

எண்ணெய்த் தலை அவருக்கு ஜென்மப் பகை. ஒயர் ஒட்டாதே! ஷாம்பு பாக்கெட்டைக் கையில் கொடுத்துக் குழாயடிக்கு விரட்டுவார். மொட்டைத் தலை வந்தால் மட்டும் வாசலுக்கே வந்து வரவேற்பார்.

அப்படித்தான் என் அப்பாவையும் வரவேற்றார். அப்பா எங்கள் மலையூர் கூக்காலில் தன் வாடகை ஜீப்பில் கேரட் மூட்டை ஏற்றும்போது மயங்கி விழுந்திருந்தார். வலிப்பு என்றால் இனி ஜீப் ஓட்டக் கூடாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என்னைக் கல்லூரி வரை கொண்டுபோனது அந்த ஜீப்தான். நல்ல சேதி வரட்டும் என்று அப்பா முன்கூட்டியே மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு வந்து நின்றார்.

"சந்தனத்தத் தொடைக்கணும்ங்க" என்றார் அண்ணன்.

"சாமி சந்தனம்ங்க. மேலாப்ல ஒட்டுங்க."

"ஒட்டுனா சாமி அலைதான் வரும். ஒங்களது வராது."

கடைசியில் அண்ணன் ஒயர் ஒட்டும் இடங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார். நெற்றி நிறைந்ததும் கழுத்துக்கு இறங்கினார். அப்பா சமாதானமானார்.

மகள் நின்றால் அப்பாவின் மூளை சும்மா இருக்காது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார் அண்ணன். கதவுக்கு வெளியிலும் அவர் குரல் கேட்டது.

"மூளைக்குள்ள செல்லெல்லாம் தேர் இழுக்குற சனம் மாதிரிங்க. தாளம் சேந்தாத்தான் சேதி நகரும். கண்ண மூடுனா சும்மா ஒண்ணா அசைஞ்சுக்கிட்டு நிக்கும். தெறந்தா அதது சோலிக்குப் பிரிஞ்சிரும். எல்லாம் சேந்து வெறி புடிச்ச மாதிரி இழுத்தாத்தான் வலிப்பு."

"எந்தேரு எப்படிங்க ஓடுது?"

"அத டாக்டர்தான் சொல்லணும். கண்ண மூடுங்க."

முடிவை வாய் திறந்து சொல்லவே மாட்டார். அதில் அவர் கல். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, வெள்ளனே வந்தவ ஒண்ணும் திங்கலையே. போயித் தோசை தின்னுட்டு வா."

வலிப்பு இல்லை, விரத வயிற்றோடு மூட்டை தூக்கிய மயக்கம்தான் என்று டாக்டர் சொன்னது மதியம். அதற்கு வெகுநேரம் முன்பே, அண்ணன் சொல்லாமல் சொன்ன சேதி புரிந்து, நான் அழுதுகொண்டு நாலாவது தோசைக்குச் சொல்லியிருந்தேன். அந்த மனுஷனுக்கு அவ்வளவு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.