லிமெரிக்கில் ஓர் இரவு தங்குவது குறித்த துணைக்குழு

எங்கள் கில்பிரனக் பாலம் ஆறு வருடமாக மூடிக் கிடக்கிறது என்பது கடைசியில் அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்டது. ஜனவரியில் கடிதம் வந்தது. மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, லிமெரிக் நகரில் உள்ள பாலங்கள் அலுவலகத்துக்கு ஓர் ஆள் வந்து, பாலம் ஏன் வேண்டும் என்று நேரில் சொல்ல வேண்டும். சொன்னால் பாலம். வராவிட்டால் அது வரிசையில் அடுத்து நிற்கும் ஊருக்கு.

சொல்ல வேண்டிய ஆள் நான். ஊர் மன்றத்தில் எழுத்தர், பெயர் கோல்மன். பாலம் வேண்டிய ஆள் அட்ராக்டா நூன். அவர் வீடு ஆற்றின் இந்தப் பக்கம், மாடுகள் அந்தப் பக்கம். சன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாட்டைக் கறக்க, காலையும் மாலையும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். இதுவரை முப்பத்தொரு மனு எழுதியிருக்கிறார். அவருக்காக நான் என் பேச்சைக் கண்ணாடி முன் நின்று பழகினேன்.

ஒரே ஒரு சிக்கல். போன வருடம் எல்லா மன்றங்களையும் பிடித்த பசுமைக் காய்ச்சல் எங்களையும் பிடித்தது. ஊழியர்கள் அலுவல் நிமித்தம் பேருந்தில் மட்டுமே போகலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரின் முதல் பேருந்து லிமெரிக் போய்ச் சேர்வது பத்து இருபதுக்கு. ஆகவே முந்தின நாளே போய் ஹோட்டலில் தங்க வேண்டும்.

"இதுல என்ன இருக்கு? ஒரு ரூம் போட்டுக்கிறேன் தலைவரே," என்றேன்.

மன்றத் தலைவர் மாலக்கி டூஹி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ பாட்டுக்குப் போய்ப் படுத்துடுவே. நாளைக்குப் பேப்பர்காரன் எழுதினா? பெரிய ஹோட்டல்னா மக்கள் வரிப்பணம்பான். மட்டமான ஹோட்டல்னா மன்றத்தோட மானம் போச்சும்பான்."

"நடுத்தரமா ஒண்ணு பார்த்து..."

"எது நடுத்தரம்னு யார் முடிவு பண்றது?" என்றார் உறுப்பினர் டிம்ப்னா கெராட்டி.

ஒரு துணைக்குழு முடிவு பண்ணும் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். மேற்படி துணைக்குழு மூன்று ஹோட்டல்களிடம் விலைப்புள்ளி கோரியது: ஆற்றங்கரையில் ஒன்று, ரயில் நிலையத்தருகே ஒன்று, கோட்டைக்குப் பின்னால் ஒன்று. மூன்றும் ஒரே விலை. டிம்ப்னா அம்மையார் இணையத்தில் விமரிசனங்களை வாசித்தார். தலையணை மெத்தென்று இருக்கிறது என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அதே தலையணை மெத்தென்று இருக்கிறது என்று இன்னொருவர் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். நேரடி ஆய்வைத் தவிர வேறு வழியில்லை என்று ஆனது.

"எப்போ ஆய்வு?" என்று கேட்டேன்.

"நீ எந்த ராத்திரி தங்கணும்?" என்றார் தலைவர்.

"பதின்மூணு. புதன்கிழமை."

"அப்போ அதே ராத்திரிதான். பதின்மூணாம் தேதி சத்தம் எப்படி, குளிர் எப்படின்னு பன்னண்டாம் தேதி படுத்துப் பார்த்தா தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். தெரியாதுதான்.

செயின்ட் பேட்ரிக் திருவிழா நெருங்கும் வாரம் வேறு; நகரில் மற்ற ஹோட்டல்கள் எல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டன. எதற்கும் இருக்கட்டும் என்று நானே ஆற்றங்கரை ஹோட்டலுக்குப் போன் போட்டேன்.

"இப்பத்தாங்க கடைசி ஒன்பது ரூமும் போச்சு," என்றது ஒரு பெண் குரல். "ஏதோ ஊர் மன்றமாம்."

"எந்த ஊருங்க?"

"கில்பிரனக். என்ன விசேஷமோ தெரியல."

மற்ற இரண்டிலும் அதே கதை. ஒருவரே மூன்றையும் ஒப்பிட்டால்தான் ஆய்வு என்பதால் ஆளுக்கு மூன்று அறை பிடித்திருந்தார்கள். தலைவரிடம் ஓடினேன். "அதுல ஒரு ரூமை எனக்குக் குடுங்களேன்."

"ஆய்வு முடியாத ரூம்ல உன்னை எப்படிப்பா படுக்க வைக்கிறது? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

புதன்கிழமை ஒன்பது உறுப்பினர்களும் ஒன்பது கார்களில் புறப்பட்டார்கள். பசுமைத் தீர்மானம் ஊழியர்களுக்கு மட்டும்தான். நான் மறுநாள் முதல் பேருந்தில் ஏறினேன். எட்டு ஐம்பதுக்குத் தலைவரை அழைத்தேன்.

"அலுவலகம் உங்க ஹோட்டலுக்கு எதிர்லதானே தலைவரே? ஒரு எட்டு போய், எங்க ஆள் வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லிடுங்க."

"எப்படிப்பா முடியும்? ஆய்வுல இருக்கேன்." எதையோ மென்றுகொண்டிருந்தார். "ஏழாவது இனம், காலைச் சாப்பாடு. பத்து மணி வரைக்கும் போடுறாங்க. கடைசியா வர்ற சாசேஜ் சூடா இருக்கான்னு பத்து வரைக்கும் உக்காந்தாத்தானே தெரியும்?"

நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாலம் அடுத்த ஊருக்குப் போயிடுச்சுங்க," என்றார். "உங்க மன்றத்தார் நாலஞ்சு பேரை எதிர் ஹோட்டல்ல பார்த்தேன். நானும் அங்கதான் சாப்பிட்டேன். தங்கமான மனுஷங்க. பாலத்தைப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. வேண்டாம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்கும் எரிந்தது. அந்த வாரம் முழுக்க மதுக்கடையில் மாலக்கியின் தோலை உரித்துத் தொங்கவிட்டார்கள். கூட்டத்தில் கேட்கிறேன் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஊரில் கோபத்துக்குப் பஞ்சமே கிடையாது. சம்பந்தப்பட்ட ஆள் எதிரில் வந்து, சௌக்கியமா என்று கேட்டால் மட்டும் அது எங்கேயோ போய்விடும்.

பொதுக்கூட்டத்தில் தலைவர் நாற்பது பக்க ஆய்வறிக்கையை வாசித்தார். மூன்று ஹோட்டல்களுக்கும் முதலிடம். பரிமாறியவர்கள் வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் ஒன்பது பேரும் பிரமாதம் என்று சொல்லித் தொலைத்ததால், அதையே பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

"கேள்வி ஏதாவது உண்டா?"

அட்ராக்டா எழுந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"மாலக்கி, அந்த ஆத்தங்கரை ஹோட்டல்ல மெத்தை எப்படி?"

"ரொம்ப நல்ல மெத்தை அட்ராக்டா. பக்கம் இருபத்திரண்டு."

"முதுகுக்கு ஒத்துக்குமா? தினமும் இத்தனை தூரம் வண்டி ஓட்டி என் முதுகு போயே போச்சு. ரெண்டு நாள் எங்கயாச்சும் போய் நிம்மதியாப் படுக்கணும்."

"தாராளமா ஒத்துக்கும்," என்றார் தலைவர் கனிவோடு. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு கேள்விகள் மளமளவென்று வந்தன. கார் நிறுத்த இடம் உண்டா, கல்யாணத்துக்கு ஹால் தருவார்களா, நாயைக் கூட்டிப் போகலாமா. அறிக்கைக்கு நாற்பது பிரதி கேட்டார்கள்.

"பாலத்தைப் பத்தி யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் தலைவர் கடைசியில்.

எல்லோரும் டீயைக் குடித்தார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். பழகி வைத்த பேச்சு முழுவதும் தொண்டைவரை வந்தது. டிம்ப்னா அம்மையார் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

பாலம் குறித்துப் பொதுமக்களிடமிருந்து புகார் ஏதும் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதி, கீழே நானே கையெழுத்துப் போட்டேன்.