நல்லிணக்கத்துக்கு ஒரு பூட்டு

பிற மதங்களை மாணவர்கள் நேரில் கண்டு தெளிய வேண்டும் என்று தொண்ணூற்றைந்தாம் வருஷம் கல்வி அலுவலகம் முடிவு செய்தது. நல்ல முடிவுதான். அலுவலகத்தில் நல்ல முடிவுகளுக்கு என்றைக்கும் பஞ்சம் கிடையாது. வாசலைத் தாண்டி வெளியே வரும்போதுதான் கை கால் முறிந்து வரும்.

கணபதி என்ற ஊரில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார் வரதராஜுலு. சுற்றுலாப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மனுஷனுக்கு அப்போது உலகத்தில் ஒரே கவலை, அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு. ஆயுசில் பாதியை வாடகை வீட்டில் தண்ணிக்கு மல்லுக்கட்டியே கழித்தவர். தையில் கிரகப்பிரவேசம். அதற்குள் ஏதாவது வம்பில் மாட்டி வால்பாறைக்குத் தூக்கியடித்துவிட்டால் கட்டின வீட்டில் யார் குடியிருப்பது?

சுற்றறிக்கையில் இரண்டே நிபந்தனை. மாணவர் வழிபாட்டில் பங்கேற்றல் ஆகாது. எவர் மனமும் புண்படலாகாது. படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வாத்தியார் அலுவலகத்துக்கே போய் விளக்கம் கேட்டார்.

"ஏனுங்க, கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போலாமுங்களா?"

கண்காணிப்பாளர் பொங்கியண்ணன் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "உள்ள போனா என்னங்க பண்ணுவாங்க?"

"சாமி கும்புடுவாங்க."

"அது வழிபாடு. கூடாதுங்க."

"கும்புடாம சும்மா பாத்தா?"

"கும்புடாம பாத்தா அவமதிப்பு. மனசு புண்படும். அதுவுங் கூடாதுங்க."

"அப்ப வெளிய நின்னு பாக்கட்டுங்களா?"

"கதவு தெறந்திருந்தா ஏதோ ஒண்ணு கைகூப்பிப்போடுமல்லங்க? சாத்தியிருக்கற நேரமாப் பாத்துப் போங்க வாத்தியாரே. ஒரு வம்புமில்ல. மீறி ஏதாச்சும் புகார் வந்துச்சுன்னா, வால்பாறைல குளுரு சாஸ்திங்க."

அந்த யோசனையில் ஒரு பிழையும் வாத்தியாருக்குத் தென்படவில்லை. பயந்தவனுக்குச் சட்டம் எப்போதும் தெளிவாகவே புரியும்.

ஒன்பதாம் வகுப்பை வரிசையாக நடத்திக்கொண்டு போனார். நடை சாத்திய பிறகு மாரியம்மன் கோயில் போய்ச் சேர்ந்தார்கள். கதவில் பூட்டு. பிள்ளைகள் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அடுத்தது சர்ச். வார நாள், அங்கேயும் பூட்டு. அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பயணம் இவ்வளவு சிறப்பாக நடப்பதில் வாத்தியாருக்குக் கண் கலங்கியது.

பள்ளிவாசலில்தான் வந்தது வினை. கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் சிக்கந்தர் நின்றார். ஹார்டுவேர் கடைக்காரர், வகுப்பில் படிக்கும் யுஸ்ராவின் அத்தா. பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஒரு குடம் நன்னாரி சர்பத் கலக்கி வைத்திருந்தார்.

"வாங்க சார், வாங்க கண்ணுங்களா. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

வரதராஜுலுவுக்கு வியர்த்துவிட்டது. "பாய், ஒரு ஒதவி பண்ணோணுங்க. கதவச் சாத்திப் பூட்டிருங்க."

"எதுக்குங்க?"

"நாங்க பாக்கோணுமுங்க."

சிக்கந்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பூட்டே இல்லீங்களே சார். நாங்க பகல்ல பூட்டறதில்லீங்க."

"உங்க கடையில இருக்குமல்லங்க?"

பிள்ளைகள் தாகத்தோடு நிற்க, கடையிலிருந்து புத்தம் புதுத் திண்டுக்கல் பூட்டு ஒன்று வந்தது. சிக்கந்தர் பூட்டினார். பிள்ளைகள் பார்த்தார்கள்.

"சார், சர்பத்துக் குடிச்சா மனசு புண்படுமுங்களா?" என்று கேட்டாள் யுஸ்ரா. அவள் தோளில் கைபோட்டு நின்ற மோகனப்பிரியா, "குடிக்காட்டி பாய்க்குப் புண்படுமுங்க சார்" என்றாள். வாத்தியார் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நட கண்ணு" என்றார். பாவி மனுஷன், அவருக்கும்தான் தாகம்.

மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னார். மோகனப்பிரியா எழுதினாள்: 'மதங்கள் பல. எல்லாவற்றுக்கும் பொதுவானது பூட்டு. மனிதர்கள் சர்பத் தருவார்கள். அதை நாம் குடிக்கக் கூடாது.'

கட்டுரை அலுவலகத்துக்குப் போனது. மாவட்டம் முழுக்கப் போன பள்ளிகளில் எங்காவது ஒரு பிள்ளை விபூதி பூசியிருந்தது, எங்காவது ஒன்று கேக் தின்றிருந்தது. ஒரு புகாரும் இல்லாமல் மூன்று மதத்தையும் முடித்தது இந்தப் பள்ளி மட்டுமே. பொங்கியண்ணன் நெகிழ்ந்து போனார். மார்கழிக் கடைசியில் பாராட்டாணை வந்தது: 'தங்கள் அரிய முறையை மலைப்பகுதி மாணவரும் பெற்றுய்யும் பொருட்டு, தாங்கள் வால்பாறைக்கு உடனடியாக மாற்றப்படுகிறீர்கள்.'

வாத்தியார் ஓடினார். "நான் ஒரு தப்பும் பண்ணலீங்களே!"

"அதனாலதானுங்க" என்றார் பொங்கியண்ணன். "தப்புப் பண்ணியிருந்தா நாங்களே மூடி மறைச்சிருப்போமுங்க."

தை பிறந்ததும் அவசர அவசரமாகப் பால் காய்ச்சினார்கள். சிக்கந்தர் வந்து வயிறாரச் சாப்பிட்டார். போகும்போது ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே அதே திண்டுக்கல் பூட்டு. "எங்களுக்கு அன்னிக்கு ஒரு நாளைக்குத்தானுங்க தேவப்பட்டுது. உங்களுக்கு ஆகுமுங்க."

இரண்டாம் நாள் விடிகாலை. பெட்டி படுக்கையை வெளியே வைத்துவிட்டு, வாத்தியார் தம் புது வீட்டைத் தம் கையாலேயே பூட்டினார். திரும்பினால் கேட்டுக்கு வெளியே ஒன்பதாம் வகுப்பு வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

வாத்தியார் சாவியை மறுபடி கையில் எடுத்தார். "என்ன கண்ணு, ஊடு பாக்க வந்தீங்களா? இருங்க, தெறக்கறேன். உள்ள வந்து பாருங்க."

"வேண்டாமுங்க சார்" என்றாள் மோகனப்பிரியா. "பூட்டியாச்சல்லங்க, பாத்துட்டோம்."