இரண்டாவது மூச்சு

"ஐயா, மூச்சை விட்டுட்டு ஒரு நொடி அப்படியே இருங்க" என்றது செல்போன்.

கண்ணாயிரம் அப்படியே இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் தூக்கிய கையோடு, உதட்டைக் குவித்தபடி.

போனுக்குள் ஆர்த்தியின் முகம் மாறியது. சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். நுரையீரல் கெட்டவர்களுக்கு வீடியோ காலிலேயே மூச்சுப் பயிற்சி தருகிறவள்.

"நீங்க நிறுத்திட்டீங்க. ஆனா இங்க மூச்சு சத்தம் கேக்குதுங்க ஐயா. விசில் மாதிரி. உங்களுக்குப் பின்னால யாரு?"

கண்ணாயிரம் மெல்லத் திரும்பினார். சுவர். சுவரில் காலண்டர். மின்விசிறி ஓடவில்லை, காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது.

"யாருமில்லம்மா. ராணி, உனக்கு ஏதாச்சும் கேக்குது?"

எதிரில் போனை நீட்டிப் பிடித்து நின்ற அவர் மனைவி ராணியம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

இருவருக்கும் பாதி ஆயுள் கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலையில் போயிருந்தது. அவர் மெஷினடியில், அவள் நெல் அவிக்கும் உமி அடுப்படியில். மெஷின் சத்தம் இருவர் காதையும் மந்தமாக்கியது. உமித்தூசியும் பீடியும் கூட்டுச் சேர்ந்து அவர் நெஞ்சைத் தின்றன.

"அது உங்க நெஞ்சு சத்தமா இருந்தா, கிரிவலத்துக்கு டாக்டர் ஒத்துக்க மாட்டாருங்க" என்றாள் ஆர்த்தி. "ரெக்கார்ட் பண்ணியிருக்கேன். அனுப்புறேன், கேளுங்க."

கண்ணாயிரம் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். இந்தப் பௌர்ணமிக்காவது மலையைச் சுற்ற வேண்டும் என்றுதான் பிடிக்காத பாட்டிலையெல்லாம் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் புகழேந்தி தன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். ஈஈஈ... என்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. யாரோ மலையேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி.

புகழேந்தி ஸ்பீக்கரைச் சட்டென்று அணைத்தான்.

"பெரியப்பா, இந்த வூட்ல முன்னாடி ஒரு வெள்ளைக்கார சாமி வாடகைக்கு இருந்தாரு. மூச்சை அடக்கறேன்னு உக்காந்தவரு. எழுந்திருக்கவே இல்ல."

"இதை ஏண்டா வூடு புடிச்சுக் குடுக்கறப்ப சொல்லல?"

"கேட்டீங்களா நீங்க?"

ராணியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "செத்தவருக்கு... இன்னும் எதுக்கு... பயிற்சி?" அவள் எப்போதும் இப்படித்தான், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி முறைப்பாள். கோபக்காரி என்று தெருவில் பெயர்.

அன்றே நிலைப்படியில் எலுமிச்சம்பழம் தொங்கியது. மறுநாள் வீடியோ காலில் விசில் குறையவில்லை. அடுத்து சாம்பிராணி. ராணியம்மாள் குனிந்து குனிந்து மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டினாள். கண்ணாயிரம் இருமினார், அவள் இருமினாள், வேடிக்கை பார்த்த புகழேந்தியும் இருமினான்.

வெள்ளைக்காரர் மட்டும் அசரவில்லை.

"ஐயா, இன்னிக்கு ஜாஸ்தியா கேக்குது" என்றாள் ஆர்த்தி. அவள் குரலே இறங்கியிருந்தது. "ரொம்பக் கிட்ட. என் காதுல ஊதுற மாதிரி. அதென்ன புகை?"

"சாம்பிராணிம்மா. கொஞ்சந்தான்."

"புகையே ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? முதல்ல அதை வெளியில வெக்கச் சொல்லுங்க."

ராணியம்மாள் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவிட்டு, தூபக்காலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

"நின்னுடுச்சுங்க" என்றாள் ஆர்த்தி.

கண்ணாயிரம் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, பயிற்சியைத் தொடர்ந்தார். விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கிளிப்பில் எண் நல்லபடியாக நின்றது. கிரிவலம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்.

ராணியம்மாள் திரும்பி வந்து போனை எடுத்தாள்.

"வந்துடுச்சு" என்றாள் ஆர்த்தி.

கண்ணாயிரம் ராணியம்மாளையே பார்த்தார். போனாள், போனது. வந்தாள், வந்தது. தன் பின்னால் இல்லை அது. அவளோடு நடக்கிறது.

"அம்மா" என்றார் போனைப் பார்த்து. "கிரிவலம் கெடக்கட்டும்மா. அந்த வெள்ளைக்காரன் என் பொஞ்சாதியைப் புடிச்சிட்டான். அவ பக்கத்துல வந்தாத்தான் இழுக்கறான்."

ஆர்த்தி திரையில் காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். விசில் மட்டும் இழுத்தது.

"அம்மா எங்க நிக்கறாங்க? நான் ஒருநாளும் பார்த்ததில்லையே."

"எதிர்லதாம்மா. தினமும் போனைப் புடிச்சிக்கிறதே அவதானே."

"ஐயா, உங்க மூச்சு நல்லா இருக்குது, நீங்க மலையைச் சுத்தலாம், அந்தக் கிளிப்பைக் கழட்டி அம்மா விரல்ல மாட்டுங்க."