என்னைக் கேட்காமல் இடித்த அடுப்பு

எனக்கு வாய் நீளம். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு அந்த வாயை அவ்வளவு அகலமாகத் திறக்க வைத்தது யார் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கதை சொல்கிறவர்கள் எல்லாரும் நான் வாயைத் திறந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதற்கு முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். (கோபமாகத்தான் எழுதுகிறேன். கோபம் ஆறியதும் எழுதலாம் என்று காத்திருந்ததில் தலை நரைத்துவிட்டது.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டையில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். அவருடைய அம்மா, அதாவது என் அத்தை; அவருடைய தங்கை கமலம்; அப்புறம் நான். எனக்கு அப்போது இருபது வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

கமலத்துக்குக் கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாவும் முன்பே வந்து பெண்ணைப் பார்த்துப் போய்விட்டார்கள். இனி மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்க்க வேண்டும். அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்து, நம் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். சனிக்கிழமை மத்தியானம் பதினோரு பேர் வருவதாகத் தகவல்.

அரிசி லேசில் கிடைக்காத நாள் அது. கார்டுக்குக் கிடைத்த அரிசியில் தினமும் ஒரு பிடி எடுத்து, இரண்டு மாதமாக அந்தப் பதினோரு பேருக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். முறுக்கு சுட்டு டின்னில் அடைத்தாயிற்று. எல்லாம் தயார்.

இந்த இடத்தில் என் அடுப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நானே குளத்து மண் எடுத்து, உமி கலந்து மிதித்து, கையால் பிடித்துப் பிடித்துப் போட்ட அடுப்பு. பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. சோறு இங்கே கொதிக்கும்போது குழம்பு அங்கே தானாகக் காயும். இடது பக்கத்துக் குமிழ் ஒரு நூல் தாழ்ந்திருக்கும். அந்தப் பக்கம் பானையைச் சாய்த்து வைத்தால் உலை பொங்கி வழியாது. அந்த நுணுக்கம் எனக்குத் தெரியும், அடுப்புக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டிகூட அவ்வளவு அனுசரணையாக இருக்க மாட்டார்கள். (நாங்கள் இருந்ததில்லை.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தையும் கமலமும் நானும் திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போனோம், நல்லபடியாக முடிய வேண்டுமே என்று. திரும்பி வந்து சமையல்கட்டில் கால் வைத்தால், அடுப்பைக் காணோம்.

அடுப்பு இருந்த இடத்தில் ஒரு மண்மேடு. பக்கத்தில் கடப்பாரை. முழங்கை வரைக்கும் சேறு பூசிக்கொண்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"புகையில்லா அடுப்பு!" என்றார்.

ஏதோ ஒரு மாதப் பத்திரிகையில் படம் போட்டு விளக்கியிருந்தார்களாம். குகை மாதிரி நீளமாக ஒரு அடுப்பு, மேலே மூன்று வாய், கடைசியில் புகைபோக்கி. புகைபோக்கிக்குக் குழாய் கிடைக்கவில்லையாம். அதனால் பானைகளின் அடியை உடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கூரை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். யார் வீட்டுப் பானை? என் பானை. ஐந்து பானை. அதில் ஒன்று, நான் மூன்று வருஷமாகப் பழக்கி வைத்திருந்த குழம்புப் பானை.

"நாளைக்குப் பதினோரு பேரு வாராங்க," என்றேன்.

"அதனாலதான் இன்னைக்கே முடிச்சேன். ஒன் கண்ணு எரியுதுன்னு சொன்னியே?"

"கண்ணு எரியுதுன்னு சொன்னேன். அடுப்ப இடிங்கன்னு சொன்னேனா?"

அத்தை அந்த மண்மேட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "எம் பிள்ளைக்குப் பொண்டாட்டி மேல எம்புட்டுக் கரிசனம் பாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தக் கடப்பாரையை யாரோ அப்புறப்படுத்தியது நல்லதாய்ப் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் ஈரம் காயாத அந்தக் குகையில் இவரே தீ மூட்டினார். சாஸ்திரப்படி புகை மேலே போக வேண்டும். போயிற்று. கூரை ஓட்டில் முட்டியது. முட்டியதும் திரும்பிக் கீழே வந்து, சமையல்கட்டை நிரப்பி, கூடத்தை நிரப்பி, வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. ஒன்று சொல்ல வேண்டும். அடுப்பில் புகையே இல்லை. வீட்டில்தான் இருந்தது.

"உஷ்ணம் ஏற ஏறச் சரியாப் போகும்," என்று உள்ளேயிருந்து இருமிக்கொண்டே சொன்னார்.

உஷ்ணம் ஏறியது. ஈர மண் வெடித்தது. உலைப்பானை அப்படியே உள்ளே இறங்கியது. இரண்டு மாதம் பிடி பிடியாகச் சேர்த்த அரிசியில் முக்கால்வாசி, சேற்றோடு சேறாகக் கலந்து சாம்பலுக்குள் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கும்போதே, வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்துத் தெருக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தில் ஊற்றிவிட்டார்கள். விருந்தாளிகளுக்காக விரித்து வைத்திருந்த ஜமக்காளம் மிதந்தது.

நான் அழவில்லை. அழுதிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. மிச்ச அரிசியையும் காய்கறிக் கூடையையும் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். மூன்று செங்கல்லை வைத்தேன். அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அரிசி நான் தாரேன். ஒத்தாசைக்கும் ஆள அனுப்புறேன், கலங்காதே," என்றார். என் தலைமுடியில் சாம்பல், முகமெல்லாம் கரி. ஊதுகுழலை எடுத்து ஊத ஆரம்பித்தேன். நெருப்பைவிட நான்தான் அதிகம் எரிந்துகொண்டிருந்தேன்.

சிறிது நேரத்தில் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நூல் சேலை, கரி படிந்த நெற்றி, கையில் ஒரு ஓலைப்பெட்டி.

"வாசல்ல ஒரே கூட்டமா இருந்துச்சு. அதான் இங்கிட்டு வந்தேன்," என்றார்.

"வந்துட்டீங்களா? ஒக்காருங்க. இந்தக் கத்தரிக்காய நறுக்குங்க. காம்ப வீணாக்காதீங்க," என்று அரிவாள்மணையைத் தள்ளினேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தார். நறுக்கும் கை நல்ல கை.

"வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. நான் அடுப்பிலிருந்து ஆரம்பித்தேன். இவர் படித்த படிப்பையும் உடைத்த பானைகளையும் சொன்னேன். அத்தை தன் பிள்ளை எதை இடித்தாலும் கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்த முறுக்குப் பூராவும் நான் சுட்டது. ஆனா பொண்ணு சுட்டதுன்னுதான் தட்டுல வைப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு அடுப்புப் பத்தவைக்கக்கூடத் தெரியாது. தங்கமான பிள்ளதான். பொய்யி சொல்லத் தெரியாது, யாரையும் ஒரு வார்த்த கடிஞ்சு பேசத் தெரியாது. அடுப்பும் தெரியாது."

"அப்படியா?"

"பதினோரு பேரு வாராங்களாம்! பொண்ணு பாக்க வாராங்களா, படையெடுத்து வாராங்களா? மாப்பிள்ளையோட ஆத்தாவப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லையே. என்ன?"

"வாசப்படி ஏறும்போதே ஒட்டடை எங்க இருக்குன்னு மேல பாத்துக்கிட்டே வருவாங்களாம். மூத்த மருமக வச்ச கொழம்பு சரியில்லேன்னு, சட்டியோட தூக்கித் தெருவுல ஊத்துனாங்களாம்!"

"ஒரே ஒரு தடவைதான்," என்றார் அந்த அம்மாள், கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஊரெல்லாம் தெரிந்த சங்கதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அடுத்ததாகப் புளியைக் கரைக்கச் சொன்னேன். கரைத்துக் கொடுத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "வாரேன்த்தா," என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சம்பளம் வேண்டாம் என்று போகிறாரே, நல்ல மனுஷி என்று நினைத்தேன்.

பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கந்தர்வகோட்டைக் கரி பஸ் தன் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் நேரத்துக்கு முன்னால் வந்தது. அது அன்றைக்குத்தான்.

மத்தியானம், இரவல் பாய்களில் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நடுவில் மாம்பழ நிறத்துப் பட்டுச் சேலை, காதில் சிவப்புக்கல் தோடு. அதற்குள் என் கத்தரிக்காய் அம்மாள். கரி பஸ்ஸில் யாராவது பட்டுக் கட்டிக்கொண்டு வருவார்களா? பெட்டிக்குள் சேலை இருந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஆண்கள் காபி குடிக்க நின்றதும், பெண் வீடு எப்படி என்று பார்க்கத் தனியாக முன்னால் வந்திருக்கிறார். உடுத்திக்கொள்ளப் பக்கத்துத் தெருவில் அவருக்கு ஒரு சொந்தக்காரர் வீடு.

கமலத்தின் வாழ்க்கை என் வாயால் போயிற்று என்று தெரிந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டேன். அத்தை பாவம், ஒன்றும் அறியாமல் தட்டை நகர்த்தினார். "எடுத்துக்கங்க. எல்லாம் எங்க கமலம் கையால சுட்டது."

அந்த அம்மாள் முறுக்கைத் தொடவில்லை. கமலத்தைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏத்தா, நெசமாச் சொல்லு. இது நீ சுட்டதா?"

கமலம் தன் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இல்லீங்க. அண்ணி சுட்டாங்க," என்றாள்.

"அடுப்புப் பத்தவைக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"இருங்க," என்றார் அந்த அம்மாள். "அடுப்பு எம் மகனுக்கு நல்லாத் தெரியும். பொய்யி சொல்லாத பொண்ணுதான் எங்க வீட்ல இல்ல." பிறகு அத்தை பக்கம் திரும்பினார். "எலையப் போடச் சொல்லுங்க, பசிக்குது. அந்தக் கத்தரிக்காய்க் கொழம்பத் தின்னாமப் போக எனக்கு மனசில்ல. நறுக்குனது நானாக்கும்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

சாப்பிட்டார்கள். பூ வைத்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள் சமையல்கட்டுக்குள் எட்டி, குகை இருந்த இடத்தைப் பார்த்தார். இவரிடம், "தம்பி, இடிக்கிறதுக்கு முந்தி இங்க நின்னு சமைக்கிறவளை ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். இவர் பத்திரிகையில் போட்டிருந்த படத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அந்த அம்மாள் முழுதும் கேட்காமல் போய்விட்டார். இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மனுஷி அவர்தான்.

அவர்கள் தெருமுனை திரும்பினார்களோ இல்லையோ, அத்தை பிடித்துக்கொண்டார். அத்தை முடித்ததும் இவர் ஆரம்பித்தார். "யாரு எவருன்னு தெரியாம வீட்டு விஷயத்த வெளியாள்கிட்டப் பேசலாமா? கொஞ்சமாவது யோசனை வேணாம்?" அடுப்பை இடித்தவர் எனக்கு யோசனை சொன்னார்! பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை. அந்தப் பதினோரு நாளில் புதுக்குளத்துப் பக்கம் போய் மண் எடுத்து வந்து, என் அடுப்பை நானே போட்டு முடித்தேன்.

கமலம் நன்றாக வாழ்ந்தாள். அவள் புருஷன்தான் அவளுக்கு அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தார். என் பெயர்தான் கெட்டது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது வெளியாளிடம் வீட்டுச் சங்கதியைக் கொட்டிவிட்டால், "கத்தரிக்காய நறுக்கக் குடுத்துட்டா" என்கிறார்கள். அன்றைக்குப் பிறக்கக்கூட இல்லாத பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

போன மாதம் பேத்தியைப் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார்கள். நான் வாயைத் திறந்த இடத்திலிருந்துதான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவரும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடுப்ப இடிச்சது யாருன்னு கேளுங்களேன்!" என்றேன். அந்தச் சிரிப்பில் ஒருவர் காதிலும் விழவில்லை. இவர் காதில் மட்டும் விழுந்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரொம்ப யோசனையோடு என்னிடம் குனிந்து, "அந்தப் புகைபோக்கிய இன்னும் ஒரு முழம் ஒசத்தியிருக்கணும், சிவகாமி," என்றார்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் காபி கொடுத்தேன். அவருக்குக் கொடுக்கவில்லை.