வேனைச் சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்தவும்

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நாலு தடவை இருமியது, ஒரு தடவை ஏப்பம் விட்டது, பிறகு அடங்கிவிட்டது.

"ரெஜ், செத்துப்போச்சு," என்றாள் மேவிஸ். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டி, அதற்குமேல் கணவனின் குளியல் அங்கியையும் சுற்றியிருந்தாள்.

"சாகல. ஓய்வெடுக்குது," என்றார் ரெஜினால்ட் ஹோல்ராய்டு.

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் ஜனவரி மாதம் ஓய்வெடுக்க எந்தப் பாய்லருக்கும் உரிமை கிடையாது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்திலேயே பனி பூத்திருந்தது.

ரெஜினால்ட் உத்தியோக காலம் முழுவதும் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு நடத்தி ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவர். ஓய்வு பெற்றதும் ஃபெயிலாக்க ஆள் கிடைக்காமல், ஆல்டர் தெரு குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரானார். மூன்று வருடத்துக்கு முன் சர்ச் மண்டபத்தில் பாய்லர் பராமரிப்பு பற்றிச் சொற்பொழிவாற்றினார். "மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவன், ஷூ கயிறு கட்டவும் ஆள் வைப்பான்!" என்று மேசையைத் தட்டினார். அதற்கப்புறம் ஆல்டர் தெருவில் ஒரு மெக்கானிக் வேன்கூட நின்றதில்லை. இதை வருடா வருடம் தன் சாதனையாக அறிவித்தார். வருடா வருடம் தலைவரானார்.

இன்று பிற்பகல் மறுபடி தேர்தல். கூட்டம் அவர் வீட்டு முன்னறையில்.

"பேசாம டெனீஸைக் கூப்பிட்டுடேன்," என்றாள் மேவிஸ்.

"யாரு டெனீஸ்?"

"பாய்லர் பாக்கறவ. நல்லா பாப்பாளாம். யாரோ சொன்னாங்க."

"வேன் நம்ம வாசல்ல நிக்கும். வேன் மேல கொட்டை எழுத்துல 'பாய்லர்'னு இருக்கும். தெரு முழுக்க ஜன்னல் திரையை விலக்கிப் பாக்கும். என் மானம் என்ன ஆகறது?"

"உன் மானத்தைப் பத்தவெச்சா ரூம் சூடாகுமா?"

ரெஜினால்ட் அதைக் காதில் வாங்காமல் கெட்டிலோடு வெளியே போனார். குளிரில், வெளிச்சுவரில் இறங்கும் பாய்லரின் வெள்ளைக் கழிவுக்குழாய் உறைந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் சரியாகும். இது அவர் சொற்பொழிவின் முதல் பாடம். வெதுவெதுப்பு கோழைகளுக்கு என்று முடிவு செய்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். குழாய் 'டப்' என்று பிளந்தது.

மேவிஸ் ஜன்னலைத் திறந்தாள். "ரெஜ், அது வாஷிங் மெஷின் குழாய்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா உடைச்சே?"

அடுத்து, தண்ணீர் அழுத்தம் குறைந்திருக்கும் என்று கண்டுபிடித்து, பாய்லருக்கு அடியிலிருந்த குழாயைத் திறந்தார். அழுத்தமானியின் முள் ஏறியது. அதே நேரம் தபால்காரர் மணி அடித்தார். ரெஜினால்ட் கதவைத் திறக்கப் போனாரே தவிர, குழாயை மூடிவிட்டுப் போகவில்லை. தாங்க முடியாத பாய்லர், சுவரிலிருந்த உபரிக்குழாய் வழியாக வாசல் பாதை முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சியது. விழுந்த தண்ணீர் கண்ணெதிரே கண்ணாடியானது. தபால்காரர் மல்லாந்தபடியே கேட் வரை போய்ச் சேர்ந்தார். தபால்கள் அவருக்கு முன்பே போயிருந்தன.

ஏறிய அழுத்தத்தை இறக்க, முன்னறைச் சுவரில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகாணியைத் தளர்த்தினார். அது மைக்கறுப்புத் தண்ணீரைத் துப்பியது. குறி தவறவில்லை: மேவிஸின் தந்தநிற சோஃபா.

மேவிஸ் கறையைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள்.

"ரெஜ், ஒண்ணு நீ போனை எடு. இல்ல நான் பெட்டியை எடுக்கறேன். அக்கா வீட்ல நாய்கூடக் கதகதன்னு தூங்குது."

ரெஜினால்ட் கழிப்பறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார். "ஆல்டர் தெருவிலிருந்து பேசறேன். அவசரம். ஒரே ஒரு விஷயம், வேனை..."

"சர்ச்சுக்குப் பின்னாடி நிறுத்திட்டுக் கொல்லைக்கதவு வழியா வரணும். அதானே கண்ணு?"

தொழில் தெரிந்தவள் என்று ரெஜினால்ட் வியந்தார்.

டெனீஸ் ஆஜானுபாகுவாக வந்து சேர்ந்தாள். ஸ்பானரெல்லாம் ஒரு காய்கறிப் பைக்குள் இருந்தது. மேலே மறைப்புக்கு ஒரு முட்டைக்கோஸ். குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்த நிஜக் குழாயில் வெந்நீர் பையை வைத்துக் கட்டினாள். அழுத்தத்தைச் சரி செய்தாள். கொஞ்ச நேரத்தில் பாய்லர் கனைத்துக்கொண்டு எழுந்தது. ரேடியேட்டர்கள் டிக் டிக்கென்று சோம்பல் முறித்தன. ரெஜினால்ட் ஒன்றின்மேல் இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

வாசல் மணி அடித்தது.

"ஐயையோ, வந்துட்டாங்க! கிளம்பும்மா!"

"டீ இன்னும் பாதி இருக்கே கண்ணு."

டெனீஸையும் டீயையும் பிஸ்கட் டப்பாவையும் மாடிப்படிக்குக் கீழிருந்த பெரிய அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

ஒரு தலைமுறையாகத் தலைவர் பதவிக்கு ஏங்கும் வினிஃப்ரெட் கிராப்ட்ரீ, கேக்கோடு இக்பால், கோட்டுக்குள் நடுங்கும் பாதிரியார், இன்னும் தெருவே கைத்தாங்கலாகப் பனிக்கட்டியைக் கடந்து வந்தது. முன்னறையில் நுழைந்ததும் எல்லாரும் கோட்டைக் கழற்றினார்கள். சோஃபாவின் கறைமேல் மேவிஸ் ஒரு போர்வையோடு கனமாக உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாடா, என்ன கதகதப்பு!" என்றார் பாதிரியார்.

"எல்லாம் இந்தக் கைதான்," என்று ரெஜினால்ட் இரண்டு கையையும் காட்டினார்.

"மெக்கானிக் இல்லாமலேயா?" என்றாள் வினிஃப்ரெட்.

"மெக்கானிக்கா? நம்ம தெருவுலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார்கள். பிறகு ரெஜினால்டே தலைவராகத் தொடர வேண்டும் என்று இக்பால் முன்மொழிய, கைகள் உயர்ந்தன.

மாடிப்படி அலமாரி திறந்தது.

"பிஸ்கட் தீர்ந்துபோச்சு," என்றபடி காலிக் கோப்பையோடு டெனீஸ் வந்து நின்றாள்.

உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. ரெஜினால்டின் காது சிவந்தது. "இவங்க... மேவிஸோட... தூரத்து..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. வினிஃப்ரெட் கம்பளத்தில் எதையோ தேடினாள். இக்பால் கேக்குக்குப் பின்னால் போயிருந்தார். பாதிரியார் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார். மேவிஸ் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

டெனீஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வாயெல்லாம் பல்லானாள்.

"அட, எல்லாரும் ஒரே இடத்துல இருக்கீங்களே! நல்லதாப் போச்சு. இனிமேயாவது வேனை இந்தத் தெருவுலயே நிறுத்தட்டுமா கண்ணுங்களா? மூணு வருஷமா ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லைப்பக்கமா முட்டைக்கோஸைத் தூக்கிட்டு வந்து என் முட்டி தேஞ்சுபோச்சு!"