உட்கார்ந்து பார்த்த கோட்டு

தன்னம்பிக்கையின் விலை நூற்று நாற்பத்தொன்பது டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட். மினசோட்டாவில் துணிக்கு வரி கிடையாது என்பதால் அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. ஆனால் அந்த விலைக்குக் கோட்டு உருவில் கிடைத்த தன்னம்பிக்கை, லவோன் ஹால்வர்சனுக்கு மார்புக்குக் குறுக்கே இரண்டு அங்குலம் பற்றாமல் இருந்தது.

"கொஞ்சம் மூச்சை இழுத்துக்கிட்டீங்கன்னா பட்டன் போட்டுடலாம்," என்றாள் கடைப்பெண்.

"இன்டர்வியூ அரை மணி நேரம்மா. அதுவரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்தா ஆம்புலன்ஸ்லதான் திரும்பணும்."

அடுத்த சைஸ் தோளில் வழிந்தது. வயதானவர்கள் பகுதியில் தொங்கிய கோட்டுகளில் பொத்தானுக்குப் பொத்தான் பூ. இளையவர்கள் பகுதியில் முழங்கை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. ஐம்பத்தாறு வயதில் வேலைக்குப் போகிற பெண் என்று ஓர் இனம் உலகத்தில் இருப்பதே அந்தக் கடைக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை நேர்காணல். பால் கூட்டுறவு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உழைத்தவள், பிரிவுத் தலைவி பதவிக்கு மூன்றாம் முறையாக விண்ணப்பித்திருந்தாள். முதல் இரண்டு முறையும் அவளைவிடச் சின்னவர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். இதுவும் போனால் ஓய்வு பெறும்வரை அதே ஜன்னலோர நாற்காலிதான். அந்த ஊர்க் குளிரில் ஜன்னலோரம் என்பது சலுகை அல்ல.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். இனி ஒருபோதும் இடுப்பில் ஏறாத பேன்ட்டுகள் வரிசையாக நின்று அவளைப் பார்த்தன. கோபத்தில் அத்தனையையும் ஒரு பையில் திணித்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வேலை தேடும் பெண்களுக்கு இலவசமாக உடை கொடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள்.

"இதை எங்க..." என்று தொடங்குவதற்குள், கழுத்தில் அளவு நாடா தொங்கிய எழுபது வயது அம்மாள் ஒருத்தி அவள் கையைப் பிடித்துவிட்டாள். பெயர் மார்கிட்.

"வாம்மா, கூச்சப்படாதே. இன்டர்வியூ என்னைக்கு?"

"திங்கக்கிழமை. ஆனா நான்..."

கேட்டதற்குப் பதில் சொன்னதுதான் முதல் தவறு.

"எனக்கு வேலை இருக்குங்க," என்றாள் லவோன்.

"இருக்கும். மனசுல அப்படித்தான் நம்பணும்."

அந்த ஊரில் அன்பாகத் தவறு செய்பவரைத் திருத்துவது அநாகரிகம். பனியில் கார் சிக்கினால் தள்ளிவிட எட்டுப் பேர் வருவார்கள். தப்பான திசையில் தள்ளினாலும், நன்றி சொல்லிவிட்டு அந்தத் திசையிலேயே கொஞ்ச தூரம் போக வேண்டும். லவோன் போனாள்.

லவோன் எடுத்த கறுப்புக் கோட்டை மார்கிட் பிடுங்கித் திரும்பக் கம்பியில் மாட்டினாள். "நம்ம வயசுல முகத்துக்குப் பக்கத்துல கறுப்பு வெச்சா நாலு நாளாத் தூங்காத மாதிரி இருக்கும். நீலம் எடு. முதல்ல தோளைப் பாரு. தோள் பொருந்திட்டா மத்ததை ஊசியால சரி பண்ணிடலாம்."

"பேன்ட்ல எலாஸ்டிக் இருக்கே. கிழவி மாதிரி தெரியாது?"

"முன்னாடி தட்டை, பின்னாடி எலாஸ்டிக். எதிர்ல உக்காந்திருக்கிறவனுக்கு உன் முதுகுல என்ன வேலை?"

லவோன் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்தாள். மார்கிட் ஒரு நாற்காலியைத் தள்ளிக் கொண்டுவந்தாள்.

"நின்னு பார்க்காதே, உக்காந்து பாரு. ஆபீஸ்ல நாள் பூரா நின்னுக்கிட்டா இருக்கப் போறே? கையை நீட்டு. போனை எடு. கீழ பேனா விழுந்துடுச்சு, குனிஞ்சு எடு."

இல்லாத பேனாவை லவோன் குனிந்து எடுத்தாள். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் ஏறவில்லை. கண்ணாடியில் ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி ஐம்பத்தாறு வயதாகவே உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஒரு கேள்வி வந்தால் இவளைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

உண்மையைச் சொல்லிவிட இதுதான் கடைசி வாய்ப்பு. சொன்னால் கோட்டைக் கழற்ற வேண்டும். லவோன் சொல்லவில்லை.

கோட்டோடு வெளியே வந்தபோது தேவாலய வாசலில் ஜோலீன் நின்றாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி. கையில் தேவாலயத்துக்குக் கொண்டுவந்த ரொட்டி, கண் லவோனுக்குக் கோட்டைப் போட்டுக் கொடுத்த பையில் அச்சடித்திருந்த இலவச உடை அறக்கட்டளையின் பெயர் மேல்.

"ஒரு சிநேகிதிக்காக வந்தேன்," என்றாள் லவோன்.

"சரிடி," என்றாள் ஜோலீன், மிக மென்மையாக.

திங்கட்கிழமை காலை லவோனின் மேசையில் ஒரு ஹாட்டிஷ் இருந்தது. கறியையும் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியில் மூழ்கடித்துச் சுடும் அந்த ஊர்ப் பண்டம். யாராவது செத்தால் கொடுப்பார்கள். கையில் காசில்லாமல் போனாலும் கொடுப்பார்கள்.

"ஜோலீன், நான் அங்க துணி வாங்கப் போகல. என் துணியைக் குடுக்கத்தான் போனேன்."

ஜோலீனின் முகம் வெளுத்தது. "துணியைக்கூடவா குடுத்துட்டே?"

பத்து மணிக்குள் ஹாட்டிஷ் மூன்றானது. "என் புருஷன் நல்லாத்தான் சம்பாதிக்கிறார்," என்று லவோன் பொதுவாக அறிவித்தாள். அப்படியானால் அவர் பணத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று அலுவலகம் கவலைப்பட ஆரம்பித்தது. நாலாவது ஹாட்டிஷோடு சூதாட்டத்திலிருந்து மீட்கும் சங்கத்தின் துண்டுப் பிரசுரமும் வந்தது.

நேர்காணல் அறையில் மேலாளர் கர்ட், முதல் கேள்விக்கு முன்பே டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். லவோன் அதை நகர்த்தி வைத்துவிட்டு, பண்ணைகளுக்குப் பணம் ஏன் ஒன்பது நாள் தாமதமாகப் போகிறது என்று இருபது நிமிடம் பேசினாள். கையை நீட்டிப் பேசினாள். கோட்டு கூடவே வந்தது.

அன்று இரவு கணவர் கோர்டி மூன்றாவது முறையாக ஹாட்டிஷைத் தட்டில் போட்டுக்கொண்டார். "அவசரப்பட்டு யாருக்கும் விளக்கம் சொல்லாதே. வெள்ளிக்கிழமை வரைக்கும் சாப்பாடு இருக்கு."

வெள்ளிக்கிழமை பதவி கிடைத்தது. லவோன் கதவைச் சாத்திவிட்டு நேரடியாகக் கேட்டாள். "கர்ட், இது பரிதாபத்துல குடுத்ததா?"

"பரிதாபம்னா ஹாட்டிஷ்தான் குடுப்போம்," என்றார் கர்ட். "போன ரெண்டு தடவையும் நீங்க சட்டையை இழுத்து விட்டுக்கிட்டே இருந்தீங்க. என்ன பேசினீங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை நினைவில்லை. இந்தத் தடவைதான் காதுல விழுந்தது."

ஆக, பதவி நியாயமானது. கோட்டுதான் அப்படியில்லை. யாரோ ஒரு வேலையில்லாத பெண்ணுக்குப் போயிருக்க வேண்டிய கோட்டு. நேர்காணல் இல்லாமல், சம்பளம் இல்லாமல் எங்கோ ஒருத்தி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் லவோனுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. சனிக்கிழமை காலை கோட்டை உறையில் போட்டுக்கொண்டு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இறங்கினாள்.

"வேலை கிடைச்சுதா?" என்றாள் மார்கிட்.

"கிடைச்சுது. ஆனா நீங்க என்னை மன்னிக்கணும். எனக்கு இருபத்திரண்டு வருஷமா வேலை இருக்கு. வீடு இருக்கு, ரெண்டு கார் இருக்கு. நான் அன்னைக்கு ஒரு பை துணி குடுக்கத்தான் வந்தேன். நீங்க கையைப் பிடிச்சதும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மார்கிட் கோபப்படவில்லை. கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு பெயருக்கு எதிரே சின்னதாகக் குறி போட்டாள்.

"நானும் போன மார்ச்ல பை குடுக்க வந்தவதாம்மா, ஒருத்தி 'இது எனக்கு நல்லாருக்கா'ன்னு கேட்டா, அன்னையிலேருந்து இங்கதான் இருக்கேன். இதுவரைக்கும் நாப்பத்தோரு பேரை உடுத்தி அனுப்பியிருக்கேன், அதுல நிஜமாவே துணி வாங்க வந்தவங்க அஞ்சு பேரு, மத்தவங்க எல்லாம் பை குடுக்க வந்தவங்க, உன்னோட சேத்து முப்பத்தி நாலு பேரு திரும்பி வந்து உண்மையைச் சொல்லிட்டாங்க, இன்னும் ரெண்டு பேரு பாக்கி."