செக்போஸ்ட்டில் ஹெட்மாஸ்டர்

"பையத் தொறங்க" என்றார் கான்ஸ்டபிள் சோலைமுத்து.

"எதுக்குன்னு சொல்லுங்க, தொறக்கிறேன்" என்றார் ஹெட்மாஸ்டர் இருதயநாதன்.

பாலசமுத்திரத்திலிருந்து திண்டுக்கல் போகும் பஸ், ஒட்டன்சத்திரம் தாண்டிச் செக்போஸ்ட்டில் நின்றது. அறுபதுகளின் நடுவில் அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த சமயம். பெர்மிட் இல்லாமல் கொண்டுபோனால் பறிமுதல்.

இருதயநாதன் பையில் இருந்தது மிச்சக் கல்யாணப் பத்திரிகைகள்தான். மறுநாள் அவர் மகள் ரோஸ்மேரிக்குக் கல்யாணம். பந்தியில் அரிசிச்சோறு இல்லாவிட்டால் கை நனைக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். கள்ள அரிசியை வாசல் ஏற விடமாட்டேன், கோதுமை உப்புமாதான் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். மனைவி செபஸ்தியம்மாள் நாலு நாளாகப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"கடத்துறவனப் புடிக்கத்தான் சார்."

"நான் கடத்துறவனா? சந்தேகம்னா எழுதிக் குடுங்க!"

சோலைமுத்துவுக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் எறங்குங்க! மூட்டையப் பூராம் அவுத்துக் கொட்டுங்க!"

வெங்காயமும் கத்தரிக்காயும் ரோட்டில் உருண்டன. "எல்லாம் உம்மாலதான்யா" என்று ஒரு வியாபாரி பல்லைக் கடித்தார். ஹெட்மாஸ்டர் விடவில்லை.

"சனங்க சாமான இப்படியா கொட்டுறது?"

"சரி, மூட்டைய விட்டுர்றேன். ஆளுகளச் சோதிக்கிறேன். மொதல்ல அந்தப் பொம்பளைக வரட்டும்."

பாலசமுத்திரத்தில் ஏறிய ஏழு பெண்கள் நடுங்கிப்போனார்கள். அவர்களில் மூத்தவளான கருப்பம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏனுங்க சார், ஆம்பளை கைபட்டா நாங்க ஊருக்குள்ள தலைகாட்ட முடியுங்களா?"

சட்டத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று தினமும் வகுப்பில் சொல்பவர்தான் இருதயநாதன். ஆனால் ஒரு கள்ளனைப் பிடிப்பதற்காக ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கள்ளராக்குவது எந்த ஊர் நியாயம்? பெண்களை உள்ளே ஏற்றிவிட்டுப் படிக்கட்டை மறித்து நின்றார்.

"பொம்பளப் போலீசக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒருத்தர் மேலயும் கை படக்கூடாது."

"அதுக்கு நான் எங்க சார் போவேன்?"

"அது உங்க பாடு."

ஒரு மணி நேரம் ஓடியது. கல்யாண விஷயமாகக் மாதா கோயிலில் பங்குச் சாமியாரைப் பார்க்க வேண்டிய நேரமும் போயிற்று. வியாபாரிகள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவர் அசையவில்லை.

கடைசியில் சோலைமுத்துவே கும்பிட்டார். "பஸ்ஸ எடுத்துட்டுப் போங்க சாமி. இனிமே ரயில்ல போங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திண்டுக்கல்லில் இறங்கி அவர் வீட்டை நோக்கி நடந்தார். ஏழு பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். நன்றி சொல்லத்தான் வருகிறார்கள் என்று அவருக்கு ஒரே கூச்சம்.

"இருக்கட்டும்மா, போயிட்டு வாங்க" என்றார். அவர்கள் கேட்பதாக இல்லை. சோறு போட வக்கில்லாமல் மகளைக் கட்டிக்கொடுக்கிறவனுக்கு இந்த மதிப்பாவது மிஞ்சியதே என்று கண் கலங்கினார்.

வாசலில் நின்ற செபஸ்தியம்மாள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னால் வந்த கருப்பம்மாளைத்தான் பார்த்தாள்.

கருப்பம்மாள் சேலைக்கு மேலே இடுப்பைத் தடவிக்கொண்டு சொன்னாள்:

"அம்மணி, நீங்க சொன்ன இருவத்தெட்டுப் படியும் வந்திருச்சுங்க. சார் புண்ணியத்துல ஒரு மணிகூடச் சிந்தலீங்க!"